மொட்டைத் தீவும் அணிசேரா நாடும்

தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம்வரை வரலாறு படித்த நம்மில் யாருக்கும் அணிசேரா நாடுகள் இயக்கம் புதிதன்று. அதை நாம் முதலில் மலாய்மொழியில்தான் படித்தோம். 'பெர்கெச்சுவாலி' என்று மனப்பாடம் செய்தோம். அமெரிக்காவின் பக்கமும் சாயாமல், சோவியத்து ஒன்றியத்தின் பக்கமும் சாயாமல் நிற்க விரும்பிய நாடுகளின் கூட்டு அது. மலேசியா 1970ஆம் ஆண்டு அதில் சேர்ந்தது. 2003ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அதன் உச்சநிலை மாநாடு கோலாலம்பூரிலேயே நடைபெற்றது.

அந்த இயக்கத்தைப் பற்றிப் பேசும்போது ஐந்து பெயர்கள் சேர்ந்தே வரும். இந்தியாவின் நேரு, எகிப்தின் நாசர், இந்தோனேசியாவின் சுகர்னோ, கானாவின் நிக்ருமா, யூகோஸ்லாவியாவின் டிட்டோ. இவர்களுள் ஐரோப்பியர் டிட்டோ ஒருவரே. முதல் மாநாடு கூடியதும் அவருடைய தலைநகரான பெல்கிரேடில்தான். 1961ஆம் ஆண்டு செப்டம்பரில் 25 நாடுகள் அங்கே கூடின. கம்யூனிச நாட்டின் தலைவராக இருந்துகொண்டே ஸ்டாலினுக்குத் தலைவணங்க மறுத்தவர் என்பதே டிட்டோவின் புகழுக்கு அடிப்படை. அது உண்மையான புகழ்தான். அதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை.

ஆனால் அந்தப் புகழுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஸ்டாலினுக்குப் பணியாத அந்த நாடு, தன் குடிமக்களைப் பணியவைக்க ஒரு தீவைப் பயன்படுத்தியது. அந்தத் தீவின் கதையையும், அது எவ்வாறு இயங்கியது என்பதையும், நீண்ட காலம் அதைப் பற்றி ஏன் யாரும் வாய்திறக்க முடியவில்லை என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

பிரிவு எப்படி வந்தது?

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியரும் இத்தாலியரும் யூகோஸ்லாவியாவைப் பிடித்தார்கள். அவர்களை எதிர்த்து மலைகளில் கொரில்லாப் போர் நடத்தியவர்கள் கம்யூனிஸ்டுகள். அவர்களை வழிநடத்தியவர் யோசிப் புரோஸ் டிட்டோ. 1944ஆம் ஆண்டு பெல்கிரேடை மீட்டபோது சோவியத்துச் செம்படையும் துணைநின்றது என்றாலும், நாட்டின் பெரும்பகுதியை மீட்டவர்கள் டிட்டோவின் போராளிகளே. இது மிகவும் முக்கியம். போலந்து, ஹங்கேரி, ருமேனியா போன்ற நாடுகளில் கம்யூனிச ஆட்சி செம்படையின் நிழலில் வந்தது. யூகோஸ்லாவியாவில் அது உள்ளூர்ப் போராட்டத்தின் பயனாக வந்தது. ஆகவே டிட்டோவுக்குச் சொந்தப் படை இருந்தது; சொந்தக் கட்சி இருந்தது; சொந்த மக்கள் ஆதரவும் இருந்தது.

ஸ்டாலினுக்கு அது பிடிக்கவில்லை. பல்கேரியாவுடன் சேர்ந்து ஒரு கூட்டரசு அமைக்க டிட்டோ திட்டமிட்டார். அல்பேனியாவுக்குப் படை அனுப்ப முனைந்தார். கிரேக்க உள்நாட்டுப் போரில் அங்குள்ள கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார். இவற்றை எல்லாம் மாஸ்கோவிடம் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. 1948ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சோவியத்து ஆலோசகர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். இரண்டு கட்சிகளுக்கும் இடையே காரசாரமான கடிதங்கள் பறந்தன. இறுதியில் 1948 ஜூன் 28ஆம் நாள், ஐரோப்பியக் கம்யூனிஸ்டுக் கட்சிகளின் கூட்டமைப்பான 'கொமின்ஃபார்ம்', யூகோஸ்லாவியக் கட்சியைக் கண்டித்து வெளியேற்றும் தீர்மானத்தை நிறைவேற்றியது. தலைமையை மாற்றும்படி யூகோஸ்லாவியத் தொண்டர்களுக்கு வெளிப்படையாகவே அழைப்பு விடுத்தது.

அதன் பிறகு வந்த ஆண்டுகள் யூகோஸ்லாவியாவுக்குக் கடினமானவை. கிழக்கு ஐரோப்பிய நாடுகள் வாணிபத்தை நிறுத்தின. எல்லைகளில் மோதல்கள் நடந்தன. சோவியத்துப் படை எந்நேரமும் நுழையலாம் என்ற அச்சம் நாடு முழுவதும் இருந்தது. அந்த அச்சம் வெறும் கற்பனை அன்று. இதை நேர்மையாகச் சொல்லவேண்டும். இதைச் சொல்லாமல் தீவின் கதையை மட்டும் சொன்னால், டிட்டோ காரணமில்லாமல் கொடுமை செய்தவர் என்று ஆகிவிடும். காரணம் இருந்தது. காரணம் இருந்தும் நடந்தது கொடுமைதான் என்பதே இங்கே கவனிக்கத்தக்கது.

ஒரே இரவில் மாறிய விசுவாசம்

1948 ஜூன் 27ஆம் நாள்வரை யூகோஸ்லாவியாவில் ஸ்டாலினை நேசிப்பது கடமை. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் டிட்டோவின் படத்துக்குப் பக்கத்தில் ஸ்டாலினின் படம் தொங்கியது. போர்க்காலத்தில் இளம் போராளிகள் ஸ்டாலினின் பெயரைச் சொல்லித்தான் குண்டுகளுக்கு எதிரே ஓடினார்கள். தீர்மானம் வந்த மறுமாதம் பெல்கிரேடில் கூடிய கட்சியின் ஐந்தாம் மாநாட்டில்கூட ஸ்டாலினை வாழ்த்தும் முழக்கங்கள் ஓய்ந்துவிடவில்லை. தலைமையே இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை.

ஆனால் தொண்டன் திரும்பியிருக்கவேண்டும்! நேற்றுவரை தெய்வமாகப் போற்றப்பட்டவரை இன்று எதிரி என்று ஏற்கவேண்டும். கட்சிக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இதைக் கொஞ்சம் பொறுத்துப் பேசித் தீர்க்க முடியாதா?" என்று கேட்டாலே ஐயம் பிறந்துவிடும். கை தூக்குவதில் தாமதம் செய்தவர், மாஸ்கோ வானொலியைக் கேட்டவர், நண்பர் சொன்ன கருத்தைப் புகார் செய்யாமல் விட்டவர் என ஒவ்வொருவராகப் பட்டியலில் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சூட்டப்பட்ட பெயர் 'கொமின்ஃபார்ம்காரர்'.

உண்மையிலேயே ஸ்டாலினின் பக்கம் நின்றவர்களும் இருந்தார்கள். படைத்தளபதி ஆர்சோ யோவானோவிச் 1948 ஆகஸ்டில் ருமேனிய எல்லையைக் கடந்து தப்பிக்க முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் எல்லாரும் அப்படிப்பட்டவர்கள் அல்லர். மொத்தம் 55,000க்கும் மேற்பட்டவர்கள் ஐயத்துக்குரியவர்களாகப் பதிவு செய்யப்பட்டதாகவும், ஏறத்தாழ 16,000 பேர் கைது செய்யப்பட்டுத் தண்டிக்கப்பட்டதாகவும் யூகோஸ்லாவிய அதிகாரபூர்வக் கணக்குகளே காட்டுகின்றன. இவர்களில் பலர் போரில் டிட்டோவோடு மலையில் பட்டினி கிடந்தவர்கள். சிலர் அதற்கும் முன்னர் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிசத்தை எதிர்த்துப் போரிட்டவர்கள். மக்கள்தொகையில் மிகச் சிறிய குடியரசான மோண்டினீக்ரோவிலிருந்து வந்தவர்களின் விகிதம் மிக அதிகமாக இருந்தது. ரஷ்யாவோடு நெடுங்காலப் பற்றுக்கொண்ட மண் அது.

விசாரணை இல்லாத தண்டனை

இத்தனை பேரையும் நீதிமன்றத்தில் நிறுத்த அரசுக்கு விருப்பமும் இல்லை, சான்றும் இல்லை. அதற்காக ஓர் எளிய வழி கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெயர் 'நிர்வாகத் தண்டனை'. 'உட்பா' என்று அழைக்கப்பட்ட அரசுப் பாதுகாப்புத் துறை பரிந்துரைக்கும். ஒரு குழு கையொப்பமிடும். ஒருவரை 24 மாதங்கள்வரை 'சமூகப் பயனுள்ள உழைப்புக்கு' அனுப்பலாம். வழக்கறிஞர் இல்லை. நீதிபதி இல்லை. காலம் முடிந்ததும் மீண்டும் நீட்டிக்கலாம்.

இந்த அமைப்பு மலேசியரான நமக்குப் புரியாத ஒன்றன்று. 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் இரண்டு ஆண்டுகள்வரை ஒருவரை விசாரணையின்றித் தடுத்து வைக்கவும், அக்காலத்தைப் புதுப்பிக்கவும் இடம் தந்தது. 2007 டிசம்பரில் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐவர் காமுண்டிங் முகாமுக்கு அனுப்பப்பட்டது அந்தச் சட்டத்தின்கீழ்தான். 2012ஆம் ஆண்டு அது நீக்கப்பட்டது. காமுண்டிங்கும் டிட்டோவின் தீவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அளவிலும் கொடுமையிலும் இரண்டுக்கும் மிகுந்த தொலைவு உண்டு. ஆனால் 'நீதிமன்றத்தைக் கேட்க வேண்டியதில்லை' என்ற ஒரு கதவு திறந்தால், அதன் வழியாக எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதற்கு யூகோஸ்லாவியா ஓர் எடுத்துக்காட்டு.

தீவு இயங்கிய முறை

அட்ரியாடிக் கடலின் வடபகுதியில், குரோவேசியக் கடற்கரைக்கும் ராப் தீவுக்கும் இடையில் கோலி ஓட்டோக் இருக்கிறது. பெயரின் பொருளே 'மொட்டைத் தீவு' என்பதுதான். பரப்பளவு ஐந்து சதுரக் கிலோமீட்டருக்கும் குறைவு. ஆள் குடியிருந்த இடமன்று. வெள்ளைப் பாறை, கோடையில் கண்ணைக் கூசச் செய்யும் வெயில், குளிர்காலத்தில் மலையிலிருந்து இறங்கி வீசும் 'பூரா' என்னும் கடுங்காற்று. 1949ஆம் ஆண்டு ஜூலையில் முதல் கைதிகள் அங்கே இறக்கப்பட்டார்கள். அடுத்த ஏழு ஆண்டுகளில் ஏறத்தாழ 13,000 பேர் அத்தீவைக் கண்டார்கள். பக்கத்திலிருந்த கிர்குர் தீவில் பெண்களுக்கு ஒரு முகாம் அமைக்கப்பட்டது.

இறந்தவர்கள் சுமார் 400 பேர். சோவியத்துக் கட்டாய உழைப்பு முகாம்களோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்ணிக்கை என்று சிலர் கூறலாம். ஆனால் இந்தத் தீவின் நோக்கம் கொல்வது அன்று. உடைப்பது. அதற்கு ஆட்சியாளர்கள் வைத்த பெயர் 'மறுகல்வி'.

இங்கேதான் கோலி ஓட்டோக் மற்றச் சிறைகளிலிருந்து மாறுபடுகிறது. காவலர்கள் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றார்கள். அடித்தவர்கள் கைதிகள். படகு வந்து சேர்ந்ததும் பழைய கைதிகள் இரண்டு வரிசையாக நிற்பார்கள். புதிதாக வந்தவர் அந்த வரிசைகளுக்கு நடுவே ஓடவேண்டும். இரு பக்கமிருந்தும் அடியும் உதையும் எச்சிலும் விழும். டிட்டோவையும் கட்சியையும் வாழ்த்தும் முழக்கம் ஓயாது ஒலிக்கும். அங்கே வழங்கிய பேச்சில் இந்த வரவேற்புக்குச் 'சூடான முயல்' என்று பெயர். வரிசையில் நிற்பவர் ஓங்கி அடிக்காவிட்டால் அவர் இன்னும் திருந்தவில்லை என்று பொருள். அடுத்த முறை அவரே ஓடவேண்டியிருக்கும். ஆகவே தம் உடன்பிறப்பாகவோ பழைய தோழராகவோ இருந்தாலும் அடித்தே ஆகவேண்டும்.

திருந்த மறுப்பவர்களுக்கு 'ஒதுக்கல்' என்னும் தண்டனை. அவரோடு யாரும் பேசக்கூடாது. மிகக் கடினமான வேலை அவருக்கு. இரவில் கழிவு வாளிக்குப் பக்கத்தில் தூங்காமல் நிற்கவேண்டும். பகலில் கல்லுடைப்பது, பளிங்குக் கல் சுமப்பது. சில வேளைகளில் கல்லை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சுமந்து, மீண்டும் பழைய இடத்துக்கே கொண்டுவரவேண்டும். அந்த வேலைக்குப் பயன் எதுவும் இல்லை. பயனில்லை என்பதை உணரவைப்பதே அதன் பயன். போதாக்குறைக்கு டைபஸ் காய்ச்சலும் பரவியது.

இந்நிலையிலிருந்து விடுபட ஒரே வழிதான் இருந்தது. தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். அது மட்டும் போதாது. பெயர்கள் தரவேண்டும். வெளியே இன்னும் யார் யார் அப்படி நினைக்கிறார்கள்? யாரோடு பேசினாய்? உன் தம்பி என்ன சொன்னான்? தந்த பெயர்கள் போதவில்லை என்றால் ஒப்புதல் வாக்குமூலம் ஏற்கப்படாது. ஒருவர் திருந்தியதற்கு அடையாளம், இன்னொருவர் கைதாவது.

இரண்டு பெண்கள்

எண்களைவிட மனிதர்களின் வாழ்க்கை இதைத் தெளிவாகக் காட்டும். யூகோஸ்லாவிய எழுத்தாளர் டானிலோ கிஷ் 1989ஆம் ஆண்டு, தாம் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, இஸ்ரேலில் வாழ்ந்த இரண்டு பெண்களைச் சந்தித்து நேர்காணல் செய்தார். அது 1990ஆம் ஆண்டு தொலைக்காட்சித் தொடராக யூகோஸ்லாவியாவில் ஒளிபரப்பானது.

ஒருவர் ஜெனி லெபல். யூதப் பெண். போரின்போது போலிப் பெயரில் ஒளிந்து வாழ்ந்து, பின்னர் கெஸ்டாப்போவிடம் பிடிபட்டுச் சிறையையும் கட்டாய உழைப்பையும் கண்டு உயிர் தப்பியவர். அவருடைய தாயார் நாஜிகளால் கொல்லப்பட்டார். போர் முடிந்தபின் பெல்கிரேடில் 'பொலிட்டிக்கா' நாளிதழில் பணியாற்றினார். அக்காலத்து இளைஞர்களின் பாட்டில் டிட்டோ வெள்ளை ஊதாப்பூவாக வருணிக்கப்பட்டார். அதை வைத்து ஒரு நகைச்சுவைத் துணுக்கு உலவியது: உலக மலர்க் கண்காட்சியில் யூகோஸ்லாவியாவுக்கு முதற்பரிசாம்; நூறு கிலோ எடையுள்ள வெள்ளை ஊதாப்பூவை வளர்த்திருக்கிறதாம்! லெபல் இதைக் கேட்டார், இன்னொருவரிடம் சொன்னார். அவ்வளவுதான். 1949ஆம் ஆண்டு கைதானார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் சிறையிலும் தீவு முகாம்களிலும் கழிந்தன. ஸ்டாலினோடு அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

மற்றவர் ஏவா பானிச். அவருடைய கணவர் படை அதிகாரி. 1951ஆம் ஆண்டு ஸ்டாலின் ஆதரவாளர் என்று கைது செய்யப்பட்ட அவர் சிறையிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகு ஏவாவிடம் ஒரு தாள் நீட்டப்பட்டது. கணவர் மக்களின் எதிரி என்று கையொப்பமிட்டால் வீட்டுக்குப் போகலாம். வீட்டில் சின்னஞ்சிறு மகள் இருந்தாள். ஏவா கையொப்பமிடவில்லை. இறந்துபோன கணவரின் பெயருக்காகத் தீவுக்குப் போனார். மகள் தாயின்றி வளர்ந்தாள்.

அவர் செய்தது சரியா? இஸ்ரேலிய எழுத்தாளர் டேவிட் கிராஸ்மன் 2019ஆம் ஆண்டு இவருடைய வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டு ஒரு நாவல் எழுதினார். அதில் அந்தத் தாய் கடும் வெயிலில் ஒரு மரக்கன்றுக்குத் தன் உடம்பால் நிழல் தரும்படி நிறுத்தப்படுகிறாள்; மகளோ தன்னைக் கைவிட்ட தாயை வாழ்நாள் முழுவதும் மன்னிக்க முடியாமல் தவிக்கிறாள். தாய்மை பெரிதா, மாண்பு பெரிதா என்று நாம் பட்டிமன்றம் வைக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியை ஒரு தாயின் முன்னால் தாளாக நீட்டிய அரசைப் பற்றித்தான் முதலில் கேட்கவேண்டும் என்பது என் எண்ணம்.

கண்ணாடியின் இரண்டு பக்கம்

இதே ஆண்டுகளில் எல்லைக்கு அப்பால் என்ன நடந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஹங்கேரியில் லாஸ்லோ ராய்க் என்ற முன்னாள் அமைச்சர் 1949ஆம் ஆண்டு தூக்கிலிடப்பட்டார். பல்கேரியாவில் திராய்ச்சோ கொஸ்தோவ், அல்பேனியாவில் கோச்சி சோசே ஆகியோரும் அதே ஆண்டு கொல்லப்பட்டார்கள். அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் முதன்மையானது, டிட்டோவின் ஆள் என்பது. எல்லைக்கு அந்தப் பக்கம் டிட்டோவின் ஆள் என்று தூக்குமேடை; இந்தப் பக்கம் ஸ்டாலினின் ஆள் என்று கல்லுடைப்பு. கொள்கை எதிரெதிர், முறை ஒன்றே. ஸ்டாலினை விலக்கிய டிட்டோ, ஸ்டாலினிடம் கற்ற பாடத்தை விலக்கவில்லை.

தீவுக்குப் பிறகு

1953ஆம் ஆண்டு ஸ்டாலின் மறைந்தார். 1955ஆம் ஆண்டு குருஷேவ் பெல்கிரேடுக்கு நேரில் வந்து உறவைச் சீர்ப்படுத்தினார். மாஸ்கோ மீண்டும் நட்பு நாடாயிற்று. மாஸ்கோவை நேசித்ததற்காகத் தீவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் 1956ஆம் ஆண்டுக்குள் விடுவிக்கப்பட்டார்கள். மன்னிப்புக் கேட்கப்படவில்லை. மாறாக, தீவில் கண்டதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவர்கள் கையொப்பமிட வேண்டியிருந்தது. பலரிடம் இனி உளவு சொல்வதாகவும் உறுதி வாங்கப்பட்டது. வேலை கிடைப்பது கடினம். அவர்கள் சிறையில் இருந்தபோதே மணவிலக்குப் பெறும்படி பல மனைவியர் நெருக்கப்பட்டிருந்தார்கள்.

பிறகு யூகோஸ்லாவியா பல வகைகளில் தளர்ந்தது என்பதும் உண்மை. தொழிற்சாலைகளில் தொழிலாளர் சுயநிர்வாகம் வந்தது. 1960களில் மக்கள் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு மேற்கு ஜெர்மனிக்கு வேலைக்குப் போனார்கள். பெர்லின் சுவருக்குப் பின்னால் இருந்தவர்கள் இதைக் கனவிலும் எண்ணியிருக்க முடியாது. ஆயினும் ஒரு கோடு இருந்தது. அதைத் தொட்டவர்கள் தப்பவில்லை.

மிலோவான் ஜிலாஸ் என்பவரை எடுத்துக்கொள்வோம். 1948இல் டிட்டோவுக்கு மிக நெருக்கமாக இருந்த சில தலைவர்களுள் அவர் ஒருவர். 1953ஆம் ஆண்டு இறுதியில் கட்சியில் சனநாயகம் வேண்டும் என்று தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். 1954 ஜனவரியில் மத்தியக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 1956ஆம் ஆண்டு ஹங்கேரிய மக்கள் எழுச்சியை ஆதரித்து எழுதியதற்காகச் சிறை. கட்சித் தலைவர்களே புதிய சுரண்டும் வர்க்கமாகிவிட்டார்கள் என்று வாதிடும் 'புதிய வர்க்கம்' என்ற நூல் 1957ஆம் ஆண்டு வெளிநாட்டில் வெளியானதற்காக மேலும் சிறை. மன்னராட்சிக் காலத்தில் கம்யூனிஸ்டாக இருந்ததற்காக அவர் அடைக்கப்பட்ட அதே ஸ்ரெம்ஸ்கா மித்ரோவிட்சா சிறையில், கம்யூனிச ஆட்சியிலும் அடைக்கப்பட்டார்.

தீவை உருவாக்கிய உள்துறை அமைச்சர் அலெக்சாந்தர் ராங்கோவிச்சும் தப்பவில்லை. டிட்டோவின் இல்லத்திலேயே ஒட்டுக்கேட்கும் கருவி வைத்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1966ஆம் ஆண்டு பதவி இழந்தார். 1971ஆம் ஆண்டு குரோவேசியாவில் கூடுதல் உரிமை கேட்டு எழுந்த இயக்கம் அடக்கப்பட்டபோது, சாக்ரெப் பல்கலைக்கழக மாணவர் தலைவர்கள் சிறை சென்றார்கள். 1975ஆம் ஆண்டு பெல்கிரேடில் மெய்யியல் துறையைச் சேர்ந்த எட்டு விரிவுரையாளர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். குற்றவியல் சட்டத்தின் 133ஆம் பிரிவு 'பகைப் பரப்புரை'க்குப் பத்தாண்டுவரை சிறை விதித்தது. மக்கள் அதை 'வாய்க்குற்றம்' என்று அழைத்தார்கள். டிட்டோ 1980 மே 4ஆம் நாள் இறந்தபின்னரும் இந்நிலை நீடித்தது. அடுத்த ஆண்டே கொய்கோ ஜோகோ என்ற கவிஞர், மறைந்த தலைவரைக் கவிதையில் இழிவுபடுத்தினார் என்று கைது செய்யப்பட்டார்.

மௌனம் உடைந்தது

கோலி ஓட்டோக் என்ற பெயரையே நீண்ட காலம் மக்கள் மெல்லிய குரலில்தான் சொன்னார்கள். அதற்குக் காரணம் காவல்துறைமீதான அச்சம் மட்டும் அன்று. தீவின் அமைப்பே மௌனத்தை உறுதி செய்தது. அங்கே அடிபடாதவர் இல்லை. அடிக்காதவரும் மிகச் சிலரே. பெயர் சொல்லாமல் வெளியே வந்தவர்கள் அரிது. அப்படி இருக்க, "எனக்கு இப்படிச் செய்தார்கள்" என்று வாய்திறந்தால், "நீ என்ன செய்தாய்?" என்ற கேள்வி உடனே வரும். பாதிக்கப்பட்டவரைக் குற்றத்தில் பங்காளியாக்கிவிட்டால் அவர் சாட்சி சொல்லமாட்டார். கோலி ஓட்டோக்கின் மிகக் கொடிய கண்டுபிடிப்பு இதுவே என்று நான் கருதுகிறேன்.

இலக்கியம்தான் முதலில் துணிந்தது. தீவில் கைதியாக இருந்த டிராகோஸ்லாவ் மிஹைலோவிச் 1968ஆம் ஆண்டு எழுதிய நாவலில் அக்காலத்துக் கைதுகள் தலைகாட்டின. அது நாடகமாக மேடையேறியபோது டிட்டோவே கண்டித்துப் பேச, நாடகம் நிறுத்தப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் தீவை நேரடியாகப் பேசும் நாவல்கள் வெளிவந்தன. 1985ஆம் ஆண்டு எமிர் குஸ்துரிட்சா இயக்கிய 'அப்பா வேலையாக வெளியூர் போயிருந்தபோது' என்ற திரைப்படம் கான் விழாவில் முதற்பரிசு பெற்றது. நாளிதழில் வந்த கேலிச்சித்திரத்தைப் பற்றி ஏதோ சொன்னதற்காகத் தந்தை கட்டாய உழைப்புக்கு அனுப்பப்படுகிறார். அப்பா வேலை விஷயமாகப் போயிருக்கிறார் என்று மகனிடம் சொல்லி வைக்கிறார்கள். ஒரு நாடே தன் பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. வாய்ப்புக் கிடைத்தால் இப்படத்தைப் பாருங்கள்.

கொமின்ஃபார்ம் கைதிகள் போனபின் சாதாரணச் சிறையாக இயங்கிய தீவு 1980களின் இறுதியில் மூடப்பட்டது. இன்று கோடைக்காலத்தில் சுற்றுலாப் படகுகள் அங்கே போகின்றன. கூரையில்லாத கட்டடங்களுக்கு இடையே பயணிகள் படமெடுத்துக்கொள்கிறார்கள்.

நமக்கு என்ன?

எங்கோ ஐரோப்பாவில் இல்லாமலே போய்விட்ட ஒரு நாட்டைப் பற்றித் தமிழ்ப் பேரவை இதழில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நாம் விடுதலை பெற்ற நாடுகளின் பிள்ளைகள். வல்லரசை எதிர்த்து நின்ற தலைவர்கள் என்றால் நமக்குத் தனி மரியாதை உண்டு. அந்த மரியாதை நியாயமானது. ஆனால் 'நாடு யாருக்கும் அடிமை இல்லை' என்பதும் 'நாட்டில் யாரும் அடிமை இல்லை' என்பதும் இரண்டு வேறு வாக்கியங்கள். முதலாவது உண்மையாக இருக்கும்போதே இரண்டாவது பொய்யாக இருக்கமுடியும் என்பதைத்தான் கோலி ஓட்டோக் நமக்குச் சொல்கிறது. 1961ஆம் ஆண்டு பெல்கிரேடில் சுதந்திரத்தைப் பற்றி உரைகள் நிகழ்ந்தபோது, தீவிலிருந்து திரும்பியவர்கள் அதே நகரத்தில் பேசாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆகவே ஒரு தலைவரைப் பற்றிப் படிக்கும்போது இரண்டு கேள்விகளையும் தனித்தனியே கேட்போம். அவர் வெளியே யாருக்குப் பணியவில்லை? உள்ளே அவருக்குப் பணியாதவர்கள் என்ன ஆனார்கள்? முதல் கேள்விக்கு விடை பெரும்பாலும் பாடநூலிலேயே இருக்கும். இரண்டாவது கேள்விக்கு விடை தேட நூலகத்துக்குப் போகவேண்டும். சில வேளைகளில் உயிர் பிழைத்த ஒரு மூதாட்டியின் நேர்காணலுக்குப் போகவேண்டும். பல்கலைக்கழகத்தில் இருக்கும் இந்தச் சில ஆண்டுகளில் அதற்கான நேரமும் நூலகமும் நமக்கு இருக்கின்றன. இரண்டாவது கேள்வியையும் கேட்டுப் பழகுவோம்.